பழகிவிடும் என்ற வாக்கு

கோவைப் பக்கத்து மில் தொழிலாளர் வீடுகளில் நாளுக்கு மூன்று பெயர்கள் உண்டு: பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட். எப்போது உலை வைப்பது, எப்போது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வது, எந்தக் கல்யாணத்துக்கு நேரில் போவது, எதற்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவது என்பதையெல்லாம் அந்த வாரம் விழுந்திருக்கும் ஷிஃப்ட்தான் முடிவு செய்யும். நூற்பாலையோடு நின்றுவிட்ட வாழ்க்கை இல்லை இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறும் இளம் பெண்கள், அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், அமெரிக்காவின் பகலுக்காகச் சென்னையின் இரவில் கண்விழிக்கும் அழைப்பு மையத்தினர் எல்லோரும் இன்று இதற்குள் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் எவருக்கும் மூத்தவர்கள் ஒரு ஆறுதல் சொல்கிறார்கள்: "ஒரு மாசம் கஷ்டமா இருக்கும், போகப் போகப் பழகிடும்." அன்போடு சொல்லப்படும் வாக்குதான். ஆனால் அதற்குள் மூன்று துணிபுகள் ஒளிந்திருக்கின்றன. உடம்பு எந்த நேரத்துக்கும் மாறிக்கொள்ளும் என்பது ஒன்று. அதற்குக் காலம் மட்டும் போதும் என்பது இன்னொன்று. மாறிக்கொள்ள முடியாதவரிடம்தான் குறை இருக்கிறது என்பது மூன்றாவது. வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டாலும் மிகவும் காயப்படுத்துவது அதுதான். மூன்றையும் சோதித்துப் பார்க்கப் போதிய சான்றுகள் இப்போது இருக்கின்றன. இரவு வேலையையும் மாறிமாறி வரும் ஷிஃப்டையும் பொறுத்தவரை மூன்றுமே தவறு என்பதும், பழகிவிட்டதாக நமக்குத் தோன்றுவதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் விலை கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்க்கலாம். புதுப் பழக்கம் படிய 21 நாள் போதும் என்று தன்னம்பிக்கைப் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த எண், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக்கமாகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். நாளடைவில் "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்தது. முகத்தைப் பற்றிய ஒரு கவனிப்பு எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் போன்ற சின்னக் காரியங்கள் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்பது அவர்கள் கணக்கு. என் பார்வையில், எத்தனை நாள் என்பதைவிட அந்த ஆய்வு அமைந்த விதம் முக்கியமானது. ஒவ்வொருவரும் ஒரே சூழலில், ஒரே குறிப்புக்குப் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தார்கள். சாப்பாடு முடிந்தால் தண்ணீர். அந்த மாறாத முளையில்தான் பழக்கம் கட்டப்படுகிறது. காலை ஆறு மணி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அதே ஆறு மணி தொடர்ந்து நீடித்தால், இரண்டு மூன்று மாதத்தில் நிலைப்படுவார். மூத்தவர்களின் ஆறுதல் அவரளவில் பெரிதும் உண்மை. வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறுகிறவருக்கோ முளையே வாரம் ஒருமுறை பிடுங்கப்படுகிறது. எழும் நேரம், சாப்பிடும் நேரம், பஸ் வரும் நேரம், உடன் வேலை செய்பவர்கள் என்று எதுவும் 66 நாள் அப்படியே நிற்பதில்லை. அவருடைய மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன் பழக்கம் படிய இடம் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும்.

பழக்கத்தைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. பழைய நெடுஞ்சாலைகளிலும் ரயில் நிலைய முற்றங்களிலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு, பொழுது சாயும்போது இலை மூடிக்கொள்வதால் அந்தப் பெயர். 1729-இல் மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் அதே குணமுள்ள செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியன் தெரியாத இடத்திலும் அது தன் நேரத்துக்கு இலையை விரித்தது, தன் நேரத்துக்கு மூடிக்கொண்டது. நேரத்தை அது உள்ளேயே வைத்திருந்தது. மனித உடம்பிலும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து அது. உடம்புச் சூட்டை ஏற்றி இறக்குவது, இரவில் மெலட்டோனின் சுரக்கச் செய்வது, தூக்கத்துக்கும் பசிக்கும் வேளை குறிப்பது எல்லாம் அதன் தாளத்தில் நடக்கின்றன. அணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெளிக்குறிப்பு இல்லாமல் விட்டால் இந்தக் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்று ஹார்வர்டின் சார்ல்ஸ் ஸைஸ்லர் குழு 1999-இல் அளந்து சொன்னது. நாளும் காலை வெளிச்சம் அந்தப் பதினொரு நிமிடத்தைத் திருத்தி வைக்கிறது. கடிகாரம் இயல்பாகச் சற்றுப் பின்தங்குவதால் தூக்கத்தைத் தள்ளிப் போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். பகலிலிருந்து அரை நைட்டுக்கும் அங்கிருந்து முழு நைட்டுக்கும் போவது உடம்பு சாயும் பக்கத்திலேயே போவது. முழு நைட்டிலிருந்து அரை நைட்டுக்கும் அங்கிருந்து பகலுக்கும் வருவது ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது. ஷிஃப்ட் பட்டியல் எழுதுகிறவருக்குச் செலவில்லாமல் கிடைக்கக்கூடிய முதல் அறிவு இது.

வெளிச்சம் திருத்துகிறதென்றால், வெளிச்சமில்லாத இடத்தில் உடம்பை விருப்பப்படி வளைக்க முடியாதா? 1938-இல் நதானியேல் க்ளைட்மன் என்ற சிகாகோ ஆய்வாளரும் அவருடைய மாணவர் ப்ரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கியில் மாமத் குகைக்குள் 32 நாள் இருந்து, 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இருபதுகளில் இருந்த மாணவரின் உடம்புச் சூடு புதுக் கணக்குக்கு இணங்கியது. நாற்பதைத் தாண்டியிருந்த ஆசிரியரின் உடம்பு 24 மணிக் கணக்கை விடவே இல்லை. ஒரே குகை, ஒரே இருட்டு, ஒரே ஒழுங்கு. இரண்டு உடம்புகள் மட்டும் வேறுவேறு. இரண்டே பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் பிற்காலத்து அளவீடுகளும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. நிரந்தரமாக இரவு வேலையே பார்ப்பவர்களின் மெலட்டோனின் சுரப்பை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து ஸைமன் ஃபோக்கார்ட் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், முழுவதும் இரவுக்கு மாறிக்கொண்டவர்கள் 100-இல் 3 பேர்கூட இல்லை. குறிப்பிடத்தக்க அளவுக்காவது மாறியவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. இவர்கள் வாரம் மாறும் ஷிஃப்டில் அலைக்கழிக்கப்பட்டவர்கள் அல்லர், இரவிலேயே நிலைத்தவர்கள். இன்னொரு சான்று இதைவிட நேராகப் பேசுகிறது. பழகிவிடும் என்பது உண்மையானால் முதல் இரவைவிட இரண்டாவதும், இரண்டாவதைவிட மூன்றாவதும் பத்திரமானதாக இருக்க வேண்டும். ஃபோக்கார்டும் ஃபிலிப் டக்கரும் பல ஆய்வுகளின் விபத்துக் கணக்கைச் சேர்த்து 2003-இல் காட்டியது இதற்கு நேர்மாறானது: தொடர்ந்து இரவு வேலை செய்யும்போது விபத்து வாய்ப்பு முதல் இரவைவிட இரண்டாம் இரவில் 6 சதவீதம், மூன்றாம் இரவில் 17 சதவீதம், நான்காம் இரவில் 36 சதவீதம் அதிகம். பழக்கம் கூடவில்லை, தூக்கக் கடன்தான் கூடியது.

உடம்பு மாறாததற்கு ஒரு காரணம் நம் ஊரில் எவரும் அறிந்தது. முழு நைட் முடிந்து வெளியே வருகிறவர் மேல் விழுவது காலை வெயில். இரவெல்லாம் இரவுக்கு இழுக்கப்பட்ட கடிகாரத்தை அந்த வெயில் மறுபடி பகலுக்குத் திருப்புகிறது. வீட்டுக்குப் போகும் அரை மணிப் பயணத்தில் எட்டு மணி நேர உழைப்பின் பழக்கம் அழிந்துபோகிறது. இரண்டாவது காரணம், நேரம் வெளிச்சத்தால் மட்டும் குறிக்கப்படுவதில்லை என்பது. இதை விளங்கவைக்கும் அருமையான சோதனை ஒன்று மதுரையிலிருந்து வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் உருவாக்கிய உயிர்க்கடிகார ஆய்வுக் குழு இலைமூக்கு வௌவால்களை வைத்து வேலை செய்தது. குகையின் உட்புறத்தில், வெளிச்சமே எட்டாத இடத்தில், கூண்டில் வைக்கப்பட்ட வௌவால்கூட மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து போகும் நேரத்துக்குச் சரியாகப் பரபரப்படைந்தது. கூட்டம் இல்லாத குகையில் அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட இந்த ஆய்வின் பொருள் எளிது: கூட்டத்தின் போக்குவரத்தே அந்த விலங்குக்குக் கடிகாரமாக இருந்தது. மனிதருக்கு வெளிச்சம்தான் முதல் கடிகாரம் என்றாலும், கூட்டம் கூடவே நிற்கும் இரண்டாவது கடிகாரம் என்பேன். இரவு வேலை முடிந்து ஒருவர் படுக்கும் நேரத்தில் தெருவே விழித்துக்கொள்கிறது. பள்ளி வேன் ஹார்ன் அடிக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, கோயில் ஒலிபெருக்கி தொடங்குகிறது, காய்கறி வண்டி தெருவுக்குள் நுழைகிறது. சித்திரை வைகாசியில் அஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பகல் தூக்கம் எப்படி இருக்கும் என்பதை விளக்க ஆய்வு தேவையில்லை. வார விடுப்பு வந்ததும் அவரும் மனைவி மக்களோடு பகல் மனிதராகிவிடுகிறார். ஆகாமல் இருக்கச் சொல்வது வீட்டைத் துறக்கச் சொல்வதற்குச் சமம்.

பழகிவிட்டார் என்று நாம் சொல்கிறவர்களின் வீட்டைக் கவனித்தால் பழகியது யார் என்பது விளங்கும். பகலில் தூங்குகிறவருக்காக வானொலி மௌனமாகிறது, விருந்தாளி வாசலோடு பேசிவிட்டுப் போகிறார், குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடுகிறது. மனைவி இரண்டு தடவை சமைக்கிறார்: ஒன்று பள்ளி போகும் பிள்ளைக்கு, இன்னொன்று வேளை தப்பி எழும் கணவருக்கு. ஆணின் ஷிஃப்ட் மாற்றத்தை வீடு இப்படி உள்வாங்கிக்கொள்வதால்தான் அவர் மறுநாள் நேரத்துக்கு வேலையில் நிற்கிறார். அதே ஷிஃப்டில் போகும் பெண்ணுக்கு அந்த வீடு கிடைப்பதில்லை. இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். இரவு வேலை முடித்து வரும் செவிலியர் ஐந்து மணி நேர வீட்டு வேலையை எங்கே வைப்பார்? தூக்கத்தில்தான் வைக்க முடியும். எனவே புது வேலை நேரத்துக்கு ஆண்கள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள், பெண்கள் திணறுகிறார்கள் என்று ஒரு மேலாளர் சொன்னால், அவர் பார்த்தது இரண்டு வகை உடம்புகளை அல்ல, இரண்டு வகை வீடுகளை.

இருபது வருஷம் மில்லில் முழு நைட் பார்த்தும் திடமாக இருக்கிறவர்கள் இல்லையா என்பது நியாயமான எதிர்வாதம். இருக்கிறார்கள். ஆனால் இருபது வருஷத்துக்குப் பின் ஆலைக்குள் நிற்கிறவர்களை மட்டும் எண்ணினால், தாங்க முடியாமல் முதல் வருஷத்திலேயே போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வயிறு கெட்டு, தூக்கம் கெட்டு, கல்யாணத்தைச் சாக்கிட்டு, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகியவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஷிஃப்டால் போனவர் என்று எழுதப்படுவதில்லை. மிஞ்சியவர்களைப் பார்த்து எல்லோருக்கும் பழகும் என்று முடிவு கட்டுவது, கரையேறியவர்களை மட்டும் விசாரித்து ஆறு ஆழமில்லை என்று எழுதுவது போன்றது. மிஞ்சியவர்களின் திடமும் முழு உத்தரவாதம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது. இரவு ஷிஃப்ட் வேலை என்ற பெயரில் 2019-இல் மறுபடி ஆராய்ந்து அந்த முடிவையே உறுதிப்படுத்தியது. உறுதியாக உண்டாக்கும் என்ற தரவரிசை அல்ல இது, அதற்கு ஒரு படி கீழே. பீதி பரப்ப இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் பழகிய உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போகவும் இனி முடியாது. உடனடி ஆபத்தும் சிறியதல்ல. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை கண் ஒருங்கிணைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும் 1997-இல் காட்டினார்கள். குடித்துவிட்டு இயந்திரத்தின் முன் நிற்பவரை மேஸ்திரி வெளியே அனுப்புவார். பகலெல்லாம் தூங்காமல் முதல் முழு நைட்டுக்கு வந்தவரை அப்படிப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

வரலாற்றிலிருந்து வரும் எதிர்வாதம் இன்னும் கனமானது. ஏரும் மாடுமாக இருந்த மக்கள் ஆலைச் சங்குக்குப் பழகவில்லையா? நாழிகையிலும் சாமத்திலும் பொழுதை அளந்தவர்கள் மணிக்கும் நிமிடத்துக்கும் மாறவில்லையா? மாறினார்கள். எப்படி மாறினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆலைத் தொழிலின் நேர ஒழுங்கு பற்றி ஈ. பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இங்கிலாந்தில் அந்த மாற்றம் தலைமுறைக் கணக்கில் நடந்ததைக் காட்டுகிறது. மணி, அபராதம், பள்ளி, மதபோதனை எல்லாம் சேர்ந்து முதல் தலைமுறைக்கு நேரத்தின் மதிப்பைப் புகட்டின. அடுத்த தலைமுறை பத்து மணி நேர வேலை நாளுக்காகக் குழு அமைத்தது. அதற்கடுத்தது கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்டு நின்றது. கடிகாரத்தைக் கற்றுக்கொண்டவர்கள் கடிகாரத்தை வைத்தே பேரம் பேசினார்கள். நம் ஊரிலும் கதை அப்படியே. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வைத் துணைத் தலைவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, முன்னே வந்த குறைகளில் ஒன்று கூலியைப் பற்றியது அல்ல. நண்பகல் சாப்பாட்டுக்கு விடப்பட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது அது. கை கழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் தேடி, உட்கார்ந்து, தின்று, திரும்பி நிற்க அரை மணி போதாது என்ற வயிற்றின் வழக்கு, இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சட்டமும் படிப்படியாகத்தான் இறங்கி வந்தது: பஞ்சாலைகளில் வயது வந்த ஆண்களுக்கு 1911-இல் நாளுக்கு 12 மணி என்ற முதல் வரம்பு, 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48. பதினான்கு மணி நேரத்துக்கு மக்கள் பழகிக்கொண்டார்கள் என்று விட்டிருந்தால் இந்த இறக்கம் நடந்திருக்காது. நேரமும் மனிதரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டதைத்தான் நாம் பின்னால் நின்று பார்த்து, பழகிவிட்டார்கள் என்று சுருக்கிச் சொல்கிறோம்.

உழவரும் மீனவரும் காலங்காலமாக நடுச்சாமத்தில் எழுந்தவர்கள்தானே என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். முறைத் தண்ணீருக்கு இரவில் வரப்பில் நின்றார்கள். மும்முனை மின்சாரம் வரும் வேளைக்காக மோட்டார் கொட்டகையில் காத்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் காற்றும் நீரோட்டமும் சொல்லும் நேரத்துக்குத்தான் கிளம்ப முடியும். அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அதுவும் உடம்பை வதைத்ததுதான். ஆனால் அதில் மூன்று தணிவுகள் இருந்தன. இரவு விழிப்பு பருவத்தோடு வந்து பருவத்தோடு போனது. மறுநாள் மதியம் திண்ணையில் கண்ணயர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரே அந்த நேரத்தை அறிந்திருந்தது. மீனவக் குப்பத்தில் விடியற்காலைக்கு முன் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது விழித்திருப்பவர் தனியாள் இல்லை. ஷிஃப்ட் தொழிலாளிக்கு இந்த மூன்றும் இல்லை.

மருத்துவமனையும் ரயிலும் மின்நிலையமும் இரவில் நிற்க முடியாது. ஆலைக்குக்கூட, கோடிக்கணக்கில் போட்ட இயந்திரம் 16 மணி நேரம் சும்மா கிடந்தால் கட்டுப்படியாகாது. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பயனுள்ள பேச்சு தொடங்குகிறது. இரவு வேலையை ஒழிக்கச் சொல்வது என் வாதம் அல்ல. மாற வேண்டியது எது என்பதில் இடத்தை மாற்றி வைப்பது. அதற்குச் சான்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு உப்புக் கனிமத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அங்கே வாரம் ஒருமுறை, அதுவும் பின்னோக்கி, ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. ஸைஸ்லரும் சக ஆய்வாளர்களும் திசையை முன்னோக்கித் திருப்பி, ஒரு பகுதியினருக்கு மாறும் இடைவெளியை 21 நாளாக நீட்டினார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நிலைக் கணிப்பும் மேம்பட்டன, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தி கூடியது. 1982-இல் வெளியான அந்த முடிவு, ஆட்களைத் திருத்தாமல் பட்டியலைத் திருத்தியதன் பலன். இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் இரண்டு மூன்று இரவுகளோடு நிறுத்தி, உடம்புக் கடிகாரத்தை அசைக்காமலே விடுவது நல்லது என்பார்கள். நான்காம் இரவின் விபத்துக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இரு தரப்புக்கும் பிடிக்காதது வாரக் கணக்கில் மாறும் ஷிஃப்ட்: கடிகாரம் நகரத் தொடங்கும், போய்ச் சேருவதற்குள் மறுபடி இழுக்கப்படும். நம் ஊரில் பரவலாக இருப்பதோ அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர நெறிமுறை ஒரு நாளில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வையும், இரவுத் தொழிலாளர்களுக்கு இலவச உடல் பரிசோதனையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இவற்றுக்குப் புது இயந்திரம் தேவையில்லை. பட்டியல் எழுதும் மேசையில் உடம்பைப் பற்றிய அறிவு இருந்தால் போதும். அந்த மேசைக்கு அருகே ஷிஃப்டில் போகிறவர்களில் ஒருவரும் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

இரவுப்படி கொடுக்கிறோம், விரும்பித்தான் வருகிறார்கள் என்ற பதிலும் வழக்கமாகக் கேட்கிறது. படி தேவைதான், அதைக் குறைக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் பணம் மெலட்டோனின் சுரக்கும் நேரத்தை மாற்றாது. விருப்பம் என்பதும் சம்பளத்தின் உயரத்தைப் பொறுத்தது. பகல் சம்பளத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதவர் இரவைத் தேர்ந்தெடுப்பதை விருப்பம் என்று எழுதுவதற்கு முன் தயங்க வேண்டும். இயல்பிலேயே பின்னிரவில் தெளிவாக இருப்பவர்கள் உண்டு என்பதும் உண்மை. அவர்களுக்கு இரவையும், முடியாதவர்களுக்குப் பகலையும் கேட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்ல நிர்வாகம். கேட்காமல் எல்லோரையும் ஒரே சக்கரத்தில் சுற்றவிட்டு, விழுகிறவர்களை உறுதி இல்லாதவர்கள் என்பது நிர்வாகமே இல்லை.

சட்டத்தின் பார்வை இதுவரை பெரும்பாலும் கூட்டல் கணக்காகவே இருந்திருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி இடைவேளை என்று எண்ணிக்கையைக் காத்தது. ஷிஃப்ட் எந்தத் திசையில் மாற வேண்டும், தொடர்ந்து எத்தனை இரவுகள் வரலாம் என்று அது பேசவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை நாளுக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது சொல்லப்பட்ட நியாயமும் கூட்டல்தான்: நான்கு நாள் பன்னிரண்டு மணி, மூன்று நாள் விடுப்பு, மொத்தம் அதே 48. பன்னிரண்டாவது மணி நேரம் முதல் மணி நேரத்தைப் போன்றதல்ல என்பதைக் கூட்டல் சொல்லாது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று முதலமைச்சர் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். ஆனால் நேரத்தின் மாற்றத்தைச் சட்டம் உணர்ந்த இடம் ஒன்று, 2000 டிசம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்வதைத் தடுத்த பிரிவைச் செல்லாதென்று அறிவித்த தீர்ப்பு அது. அதனோடு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, ஒரு பெண் தொழிலாளி பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றப்படும்போது நடுவில் தொடர்ந்து 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்பது. மொத்த மணி நேரத்தை விட்டு, ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்குக் கடக்கும் அந்த இடைவெளியைச் சட்டம் அங்கே தொட்டது. பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு எழுதப்பட்ட நிபந்தனை என்பதால் அது அவர்களோடு நின்றுவிட்டது. அதே இயந்திரத்தின் மறுபக்கம் நிற்கும் ஆணின் தலைக்குள்ளும் இருப்பது அதே இருபதாயிரம் அணுக்களின் கொத்து.